அகழி சூழ்ந்த பழைய மேனர் மனையைப் பாக்கப் போறீங்களா? முதல் தடவை போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்துல கிராமத்துப் பக்கம் நடந்து போனீங்கன்னா புல்வெளிக்கு நடுவுல சதுரமா ஒரு பள்ளம் தெரியும், பாதி தண்ணி பாதி சேறு, உள்ள லேசா உசந்த ஒரு திட்டு, அதுல ரெண்டு மாடு நிக்கும். ஏதோ குட்டைனு நினைச்சு தாண்டிப் போயிடுறவங்கதான் நிறைய. ஆனா அது 700, 750 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நிலக்கிழார் குடும்பம் வாழ்ந்த வீட்டு மனை, அவங்க நிலத்தையும் வீட்டையும் சேர்த்துத்தான் மேனர்ங்கிறது. வீடு இடிஞ்சு, கல்லு மரமெல்லாம் யாரோ எடுத்துட்டுப் போய், கடைசில அகழி மட்டும் மிச்சம். இந்த மாதிரி அகழி மனைகள் இங்கிலாந்துல சுமார் 6,000 தெரிய வந்திருக்கு, அதுல ஒரு பகுதிய சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமா அறிவிச்சிருக்காங்க.

இதெல்லாம் எங்க இருக்குனு எப்படி கண்டுபிடிக்கிறது, உள்ள போலாமா கூடாதா, போனா எதைப் பாக்கிறதுனு வரிசையா சொல்றேன். ஒரே ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன், வீடு எங்க இருந்துச்சுனு தேடிக்கிட்டு போகாதீங்க, தண்ணி எங்கிருந்து வந்துச்சு எங்க போச்சுனு தேடுங்க. அது புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா வரும், வாசல், வீடு, மீன் குளம் எல்லாம். வீட்டைத் தேடிப் போறவங்க பெரும்பாலும் "ஒண்ணுமே இல்லப்பா, வெறும் புல்லு"னு திரும்பி வர்றாங்க.

முதல்ல இது கோட்டை இல்லனு மனசுல போட்டுக்கோங்க

அகழின்னதும் நம்ம மனசுக்கு வர்றது வேலூர் கோட்டை மாதிரி ஒண்ணு, முதலை, தூக்குப் பாலம், மேல வில்லாளிங்க. இது அது இல்ல. இந்த அகழிகள்ல பெரும்பாலானது 1250க்கும் 1350க்கும் நடுவுல வெட்டினது, வெட்டினவங்க ராஜாவோ பெரிய பிரபுவோ இல்ல, அந்த ஊர் மேனர் பிரபு, நைட் பட்டம் வாங்கின சின்ன வீரர், மடாலத்துப் பண்ணை, சில இடத்துல கொஞ்சம் வசதியான சுதந்திர விவசாயி கூட. காட்டை வெட்டி புதுசா நிலம் ஆக்கிட்டு இருந்த காலம் அது. பெரிய பிரபு கோட்டைக்கு அகழி வச்சிருக்கான், நம்மளும் வீட்டைச் சுத்தி ஒண்ணு வெட்டிக்கிட்டா ஊருக்குள்ள மரியாதைதானே, அந்தக் கணக்கு. மதில் மேல கோட்டை மாதிரி பல்லு பல்லா கட்டணும்னா ராஜா கிட்ட லைசென்ஸ் வாங்கினாங்க, அகழி வெட்ட அதெல்லாம் தேவையில்ல, மண்வெட்டியும் ஆளும் போதும்.

கௌரவத்தைத் தவிர வேற உபயோகமும் இருந்துச்சு. களிமண் நிலத்துல வீடு கட்டினா மழைக்காலத்துல தரையெல்லாம் ஊறும், சுத்தி பள்ளம் வெட்டி அந்த மண்ணை நடுவுல கொட்டினா வீடு காயும். மீன் வளர்க்கலாம், வெள்ளிக்கிழமையும் ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் நோன்பும் இறைச்சி கூடாதுங்கிறதால மீனுக்கு மதிப்பு ஜாஸ்தி. மாடு, மான், திருடன் மூணையும் வெளிய வைக்கலாம். கழிவறைக் குழாயை நேரா அகழில விட்டவங்களும் உண்டு, அதே தண்ணில மீனும் வளர்த்திருக்காங்க, அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

எங்க அதிகமா இருக்குனு பாத்தா நடு இங்கிலாந்தும் கிழக்குப் பக்கமும்தான். சஃபோக், எசெக்ஸ் ரெண்டு மாவட்டத்துலயும் நூத்துக்கணக்குல இருக்கு, பர்மிங்ஹாமைச் சுத்தி வார்விக்‌ஷர் வூஸ்டர்ஷர் பக்கமும் நிறைய. காரணம் சிம்பிள், களிமண். சுண்ணாம்புக்கல் மேட்டுல அகழி வெட்டினா தண்ணி நிக்காது, அவ்ளோதான்.

வீட்டுல உக்காந்தே தேடுறது

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் இதுக்கு ஒதுக்குங்க. இந்த வேலைல பாதி ரசனை இங்கதான் இருக்குங்கிறது என் அபிப்பிராயம்.

பழைய சின்னங்களைப் பாத்துக்கிற அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தோட வெப்சைட்ல தேசிய பாரம்பரியப் பட்டியல் இருக்கு, அதோட மேப் தேடல்ல உங்க ஊரைப் போட்டீங்கன்னா ஷெட்யூல்ட் மான்யுமென்ட், அதாவது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம், எல்லாம் எல்லையோட காட்டும். மொத்தம் சுமார் 20,000 இருக்கு, அதுல "மோட்டட் சைட்"னு பேர் வர்றதை எடுத்துக்கோங்க, மோட்னா அகழி. ஒவ்வொண்ணுக்கும் 7 இலக்கத்துல ஒரு பட்டியல் எண் உண்டு, அதைக் குறிச்சு வச்சுக்கோங்க, பின்னாடி யாருக்காவது எழுதணும்னா அந்த நம்பர்தான் பேசும். அந்தப் பதிவுல ஒரு விவரக் குறிப்பு இருக்கும், 1980, 90கள்ல எழுதினதா இருந்தா நல்லா நீளமா இருக்கும், அகழி எத்தனை மீட்டர் அகலம், எந்தப் பக்கம் மண்ணு போட்டு மூடிட்டாங்க, வாசல் எந்தத் திசைனு எல்லாம் இருக்கும். அதுக்கு முந்தின பதிவுகள்ல சில சமயம் பேரைத் தவிர ஒண்ணும் இருக்காது. படிக்கும்போது கடைசி பாராவை விட்டுடாதீங்க, அங்கதான் எது பாதுகாப்புல வராதுனு எழுதியிருப்பாங்க, வேலி, கேட், நடைபாதை மேற்பரப்பு இதெல்லாம் வராது ஆனா அதுக்குக் கீழ இருக்கிற மண்ணு வரும்னு ஒரு வரி அடிக்கடி பாப்பீங்க.

அடுத்தது மேப். அரசு மேப் அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயோட எக்ஸ்புளோரர் மேப், 25,000க்கு 1 அளவு, ஆரஞ்சு கலர் அட்டை. அதுல பழங்காலச் சின்னங்களை ஒரு தனி பழைய பாணி எழுத்துல போடுவாங்க, கோணல்மாணலா தடியா இருக்கும், ஒரு தடவை கண்ணு பழகிட்டா போதும் தூரத்துல இருந்தே "மோட்"ங்கிறது கண்ணுல குத்தும். நீலத்துல ஒரு சதுர வளையம், இல்லனா மூணு பக்கம், நிறைய இடத்துல ஆங்கில எல் எழுத்து மாதிரி ரெண்டு பக்கம் மட்டும். பண்ணை இருக்கிற இடத்துல எல் வடிவக் குளம் தெரிஞ்சா சந்தேகப்படுங்க, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் விவசாயத்துக்கு இடம் வேணும்னு நிறைய அகழிய புல்டோசர் வச்சு மூடினாங்க, மிச்சம் விட்டதுதான் அந்த எல். பேரும் துப்பு கொடுக்கும், மோட் ஃபார்ம், மோட் லேன், மேனர் ஃபார்ம், எசெக்ஸ் சஃபோக் பக்கம் ஏதோ ஒரு பேரோட முடியிற ஹால்.

பழைய மேப் பாக்கணும்னா ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட வெப்சைட், பேர்தான் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து மேப்பும் முழுசா இருக்கு, காசு கிடையாது. 19ம் நூற்றாண்டு 6 இஞ்ச் மேப்பை (ஒரு மைலுக்கு 6 இஞ்ச் அளவு) தொறந்து பக்கத்துலயே லிடார் படத்தையும் வச்சுப் பாக்கலாம்.

லிடார் பத்தி கொஞ்சம் சொல்லணும். விமானத்துல இருந்து லேசர் அடிச்சு நிலத்தோட ஏத்த இறக்கத்தை அளக்கிறது. அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சி வெள்ளம் எங்க வரும்னு கணக்குப் போடத்தான் இதை ஆரம்பிச்சது, இப்ப கிட்டத்தட்ட இங்கிலாந்து முழுக்க 1 மீட்டர் துல்லியத்துல டேட்டா இலவசமா கிடைக்குது. தொல்லியல் ஆர்வலர்களுக்கு லாட்டரி அடிச்ச மாதிரி. மரம், செடியெல்லாம் கழிச்சிட்டு வெறும் தரைய மட்டும் காட்டுற மாடல் ஒண்ணு இருக்கு, டிடிஎம்னு போட்டிருக்கும், அதைத்தான் எடுக்கணும். காட்டுக்குள்ள மறைஞ்சு கிடக்கிற அகழி கூட பளிச்சுனு தெரியும். ஒரு எச்சரிக்கை, அந்த நிழல் படத்துல வெளிச்சம் வழக்கமா வடமேற்கு மூலைல இருந்து விழற மாதிரி பண்ணியிருப்பாங்க, அந்த வெளிச்சத்துக்கு இணையா ஓடுற கரை மங்கிப் போயிடும், அதனால படத்துல இல்லைங்கிறதுக்காக தரைல இல்லைனு முடிவு பண்ணிடாதீங்க. சில பேருக்கு பள்ளம் மேடாவும் மேடு பள்ளமாவும் தெரியும், படத்தைத் தலைகீழா திருப்பிப் பாத்தா சரியாயிடும்.

இந்தக் கட்டத்துலயே தண்ணிக் கேள்விய கேட்டு வச்சுக்கோங்க. மேப்ல உயரக் கோடுகளைப் பாத்து பக்கத்துல ஓடை எங்க, சரிவு எந்தப் பக்கம், அகழியோட எந்த மூலை தாழ்வுனு பென்சில்ல குறிச்சுக்கிட்டு போங்க.

போறதுக்கு உரிமை இருக்கா?

இதுலதான் புதுசா வர்றவங்க குழம்புறாங்க. பாதுகாக்கப்பட்ட சின்னம்னா அரசாங்க இடம், யார் வேணா போலாம்னு அர்த்தம் இல்ல. பெரும்பாலானது தனியார் வயல், சிலது யாரோ ஒருத்தர் வீட்டுத் தோட்டம், அகழிக்கு உள்ள இன்னமும் குடும்பம் குடியிருக்கிற வீடுகளும் இருக்கு. பட்டியல்ல சேர்த்ததால உங்களுக்கு உள்ள நடக்கிற உரிமை வந்துடாது.

எக்ஸ்புளோரர் மேப்ல பச்சைப் புள்ளிக் கோடு போட்டிருக்கிறது பொது வழி. தரைல மஞ்சள் அம்புக்குறி நடக்கிறவங்களுக்கு, நீல அம்பு குதிரை சைக்கிள் நடை மூணுக்கும். உங்க அகழி பக்கத்துல அந்தக் கோடு போகுதானு பாருங்க, போச்சுன்னா அங்க நின்னு பாக்கலாம், அந்தப் பொது வழிய விட்டு இறங்கணும்னா நில உரிமையாளரைக் கேக்கணும். பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேக்கிறதுக்குக் கூச்சமா இருக்கும், ஆனா மரியாதையா "உங்க வயல்ல இருக்கிற மோட் பத்திப் படிச்சேன், ஒரு அரை மணி நேரம் சுத்திப் பாக்கலாமா"னு கேட்டா நிறைய பேர் சரின்னுதான் சொல்றாங்க, அவங்க தாத்தா காலத்துக் கதையும் சேர்த்துச் சொல்லுவாங்க. எந்தப் பக்கத்தை எந்த வருஷம் மூடினாங்க, மூடும்போது என்ன கிடைச்சுச்சுங்கிறது எந்தப் பதிவுலயும் இருக்காது, அந்தப் பெரியவர் வாயில இருந்துதான் வரும். முடியாதுன்னு சொன்னா தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துடுங்க.

வேல்ஸ்ல இருக்கிறவங்களுக்கு அமைப்பு வேற, காடூனு பேரு, சட்டமும் தனி. நான் இங்க சொல்றது இங்கிலாந்துக்கு.

முதல் இடமா எதைத் தேர்ந்தெடுக்கிறது

நேரா ஒரு வெறும் வயலுக்குப் போனா சத்தியமா ஒண்ணும் புரியாது. வீடும் அகழியும் சேர்ந்து முழுசா நிக்கிற ஒரு இடத்தைப் பாத்துட்டு, அப்புறம் அஸ்திவாரம் மட்டும் தெரியிற இடம், அதுக்கு அப்புறம் வெறும் மண்ணு, இந்த வரிசைல போங்க.

முழுசா நிக்கிறதுக்கு கென்ட்ல இருக்கிற ஐதம் மோட். 14ம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது, பழைய வீடுகளைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட்ங்கிற அறக்கட்டளை கைல இருக்கு, 1989ல இருந்து 2004 வரைக்கும் கட்டடத்தைப் பிரிச்சுப் பிரிச்சு ரிப்பேர் பண்ணாங்க. முற்றத்துல ஒரு பெரிய நாய்க்கூண்டு இருக்கு, அதுக்கும் முதல் தர பாதுகாப்பு அந்தஸ்து, பாத்துட்டு வாங்க. வார்விக்‌ஷர்ல பேட்ஸ்லி கிளின்டன், அதுவும் நேஷனல் டிரஸ்ட். அங்க 1591ல கத்தோலிக்கப் பாதிரியாருங்களைத் தேடி சோதனை வந்தப்போ, அவங்க அகழி ஓரமா வீட்டுக்கு அடில ஓடுற பழைய சாக்கடைச் சுரங்கத்துக்குள்ள காலு தண்ணில நனைய மணிக்கணக்குல நின்னு தப்பிச்சாங்க. அகழிக்கும் வீட்டுச் சாக்கடைக்கும் என்ன சம்பந்தம்ங்கிறது அந்த ஒரு கதைலயே புரியும். ஹெரிஃபோர்ட்‌ஷர்ல லோயர் பிராக்ஹாம்ப்டன், அகழி மேல மரச்சட்டத்துல கட்டின குட்டி வாசல் மாளிகை, 14ம் நூற்றாண்டுக் கடைசி வீட்டுக்கு வாசலா பின்னாடி சேர்த்தது, சாஞ்சு நிக்கும், அழகு.

அஸ்திவாரம் மட்டும் பாக்கணும்னா நான் எப்பவும் சொல்றது கார்ன்வால்ல வீக் செயின்ட் மேரி கிராமத்துக்குப் பக்கத்துல காட்டுக்குள்ள இருக்கிற பென்ஹாலம். 13ம் நூற்றாண்டுல கார்டினம் குடும்பம் கட்டினது, 14ம் நூற்றாண்டுல கைவிட்டுட்டாங்க, அதுக்கு அப்புறம் யாரும் மேல எதையும் கட்டாததால 1968ல இருந்து 73 வரைக்கும் தோண்டி ஆராய்ஞ்சப்போ முழு வீட்டு பிளானும் அப்படியே கிடைச்சது. ஹால், படுக்கை அறை, சேப்பல், சமையல்கட்டு, ரொட்டி சுடற இடம், பீர் காய்ச்சுற இடம், தூக்குப் பாலக் குழி, எல்லாம் இப்ப முட்டி உயரப் புல்லு மூடின சுவரா தெரியும், சுத்தி அகழி. பழைய சின்னங்களைப் பராமரிக்கிற இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்போட இடம், இலவசம். வெறும் வயல்ல எதைத் தேடணும்னு இங்க ஒரு மணி நேரம் நடந்தா பிடிபட்டுடும். நார்ஃபோக்ல வீட்டிங் காசில், பேரு காசில்னாலும் 12ம் நூற்றாண்டு மேனர் வீடுதான், ஃபிளின்ட் கல்லுச் சுவர் கொஞ்சம் நிக்குது, சுத்தி ஆழம் இல்லாத அகழி, அதுவும் இலவசம். பர்மிங்ஹாம்காரங்களுக்கு வீயோலி காசில், சுத்தி வீடுங்களுக்கு நடுவுல, 1264ல ராஜா கிட்ட லைசென்ஸ் வாங்கி அரண் போட்ட மேனர்.

வெறும் மண்ணுக்கு சோலிஹல்ல ஹாப்ஸ் மோட். ஊருக்கு நடுவுல மரங்களுக்குள்ள, பொதுமக்கள் போற இடம், பஸ்ஸே போகுது. கட்டடம் ஒண்ணும் இல்ல, கரையும் பள்ளமும்தான். இதுல நின்னு வாசல் எங்கன்னு சொல்ல வந்துட்டா நீங்க தேறிட்டீங்க.

எப்ப போறது, என்ன போட்டுக்கிறது

கோடைல போகாதீங்கனு சொன்னா எல்லாரும் முறைப்பாங்க. ஆனா ஜூன் ஜூலைல புல்லும் காஞ்சொறிச் செடியும் இடுப்பளவு நிக்கும், ஒண்ணும் தெரியாது. நவம்பர் கடைசில இருந்து மார்ச் வரைக்கும், வெயில் அடிக்கிற நாளா பாத்து, காலைல சீக்கிரமோ மூணு மணிக்கு மேலயோ போங்க, சூரியன் தாழ்வா இருக்கும்போது அரை அடி மேட்டுக்குக் கூட நீளமா நிழல் விழும், அந்த நிழல்தான் உங்களுக்கு வேணும். லேசா உறைபனி பெஞ்ச காலைன்னா இன்னும் நல்லது, பள்ளத்துல பனி கரையாம வெள்ளையா நிக்கும். விதிவிலக்கு ஒண்ணு, 2018 மாதிரி மழையே இல்லாம வெயில் வாட்டுற கோடை, அப்ப மண்ணுக்கடில சுவர் இருக்கிற இடத்துல புல்லு முதல்ல காஞ்சு கோடு கோடா தெரியும், மூடின அகழி இருக்கிற இடம் ஈரம் பிடிச்சு பச்சையா நிக்கும்.

வெல்லிங்டன் பூட்ஸ் கட்டாயம். களிமண்ணுனு சொன்னேன்ல, ஷூ போட்டுப் போனா ஒவ்வொரு காலுலயும் ஒரு கிலோ மண்ணோட வருவீங்க. முழுக்கால் பேன்ட், டிக் பூச்சி (உண்ணி) கடிச்சா லைம் நோய் வரலாம். அகழித் தண்ணிய தொடாதீங்க, எலி மூத்திரத்துல இருந்து வர்ற வியாதி உண்டு, கோடைல நீலப்பாசி வந்தா நாய்க்கு உயிருக்கே ஆபத்து. சேறு எவ்ளோ ஆழம்னு மேல இருந்து தெரியாது, குழந்தைங்க கைய விடாதீங்க. கன்னுக்குட்டியோட மாடு நின்னா சுத்திப் போங்க, நாய் கூட இருந்தா கண்டிப்பா சுத்திப் போங்க.

தரையைப் படிக்கிறது எப்படி

சரி, வந்தாச்சு. உடனே நடுத் திட்டுல ஏறிடாதீங்க. முதல் சுத்து வெளிப்பக்கமா, அகழிக்கு ஒரு பத்து இருபது மீட்டர் தள்ளி நடங்க.

தாழ்ந்த பக்கம் எதுனு பாருங்க. சரிவான நிலத்துல சதுரமா வெட்டி தண்ணி நிரப்பினா கீழ்ப்பக்கம் வழிஞ்சு ஓடிடும், அதைத் தடுக்க கீழ்ப்பக்கத்து வெளிக்கரைய ஒரு அணை மாதிரி உசத்திப் போட்டிருப்பாங்க, மொத்த இடத்துலயும் பெரிய மண்ணு வேலை பெரும்பாலும் அதுதான். மேல்பக்கம் அந்தக் கரை இருக்காது, தேவையில்ல. ஒரு பக்கம் மட்டும் உசந்த கரையப் பாத்து "இங்கதான் எதிரிய எதிர்பார்த்தாங்க போல"னு கதை கட்டுறவங்க உண்டு, எதிர்பார்த்தது தண்ணிய.

அப்புறம் உள்ள வர்ற வழி. மேட்டுப் பக்கத்து மூலைங்கள்ல ஒரு ஒடுக்கமான வாய்க்கால் தடம் வந்து சேருதானு பாருங்க, அதைப் பிடிச்சு மேல நடந்தா ஒரு ஊத்துலயோ ஓடைலயோ போய் முடியும். ஓடையே கொஞ்சம் அசாதாரணமா நேரா, இல்லனா சரிவுக்குக் குறுக்க ஓடுச்சுன்னா அது திருப்பி விட்ட ஓடை. வாய்க்காலே காணோம்னா, சமதரைக் களிமண்ல மழைத்தண்ணியும் மண்ணு ஊறுற தண்ணியுமே போதும், வேற எதுவும் தேவைப்படல. வெளிய போற வழி தாழ்ந்த மூலைல இருக்கும், கரைல ஒரு வெட்டு, அங்க ஒரு காலத்துல மரப்பலகை மதகு இருந்திருக்கும். அந்த வெட்டுக்குக் கீழ நின்னு பாத்தா பல சமயம் அடுத்த பரிசு கிடைக்கும், வரிசையா ரெண்டு மூணு நீளக் குழி, இப்ப காஞ்சு கிடக்கும், ஒண்ணுக்கு ஒண்ணு அணை வச்சு. மீன் குளம். அகழில இருந்து வழியிற தண்ணிய வீணாக்காம கீழ ஒவ்வொரு குளமா நிரப்பிக்கிட்டே போயிருக்காங்க, ஒண்ணுல குஞ்சு, ஒண்ணுல வளர்ந்ததுனு பிரிச்சு வளர்த்திருக்காங்க.

இப்ப வாசல். அகழிய தாண்டி உள்ள போற மண்ணு வழி இருந்தா அது பழசா புதுசானு பாக்கணும். டிராக்டர் போற அகலத்துல, உடைஞ்ச செங்கல் எட்டிப் பாத்து, அடில சிமென்ட் குழாய் தெரிஞ்சா அது பண்ணைக்காரர் போட்டது. பழைய வழின்னா ஒடுக்கமா, ரெண்டு பக்கமும் அகழி முனை வளைஞ்சு மழுங்கி நிக்கும். வழியே இல்லனா மரப் பாலம் இருந்திருக்கும், எதிரெதிரா ரெண்டு கரையும் லேசா அகழிப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கிற இடத்தைத் தேடுங்க. வாசலுக்கு நேரா வெளிய பாத்தா சில இடத்துல பள்ளமா ஒரு பழைய பாதை ஓடும், நூத்துக்கணக்கான வருஷம் வண்டியும் மாடும் தேச்சுத் தேச்சு இறங்கின பாதை, அது நேரா சர்ச்சுக்கோ, ஆள் இல்லாம போன பழைய கிராமத்து வீட்டு மனைகளுக்கோ கொண்டு போய் விடும். மேனரும் சர்ச்சும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிறது ரொம்ப சாதாரணம், சர்ச்சைக் கட்டினதே பெரும்பாலும் இந்த வீட்டுக்காரங்கதான்.

இதுக்கு அப்புறம் நடுத் திட்டு, அனுமதி இருந்தா. சுத்தி இருக்கிற வயலை விட உசரமா, இல்ல அதே மட்டமானு முதல்ல பாருங்க, வெட்டின மண்ணு எங்க போச்சுங்கிறதுக்கு அதுதான் பதில். உள்ளயே கொட்டியிருந்தா திட்டு உசரும், வெளிய கொட்டியிருந்தா கரை உசரும், ரெண்டும் இல்லனா வயல்ல பரப்பிட்டாங்க. காஞ்சொறி ஒரு இடத்துல மட்டும் அடர்த்தியா வளர்ந்திருந்தா அங்க மண்ணுல பாஸ்பேட் ஜாஸ்தி, மனுஷனோ மாடோ ரொம்ப காலம் புழங்கின இடம்னு ஒரு துப்பு, துப்பு மட்டும்தான், நேத்து மாட்டுத் தொட்டி வச்சிருந்த இடமாவும் இருக்கலாம். வீட்டு மேடை லேசா செவ்வகமா தெரியலாம். நிறைய இடத்துல ஒண்ணுமே தெரியாது, ஏன்னா வீடு மரம், அஸ்திவாரம்கூட சில சமயம் தரை மேல வச்ச மரச்சட்டம்தான். ரெண்டாவது திட்டு ஒண்ணு பக்கத்துல இருந்தா அதுல பழத்தோட்டமோ தொழுவமோ இருந்திருக்கலாம்.

சுத்தி இருக்கிற வயலையும் விட்டுடாதீங்க. அலை அலையா மேடும் பள்ளமுமா நீளமா ஓடுதுன்னா அது இடைக்காலத்து ஏர் உழுத தடம். தலைகீழ் எஸ் மாதிரி லேசா வளைஞ்சிருக்கும், எருது ஜோடி ஜோடியா நீளமா பூட்டியிருக்கும்போது வயல் முனைல திருப்ப இடம் வேணும்ல, அதுக்காக முன்னாடியே வளைக்க ஆரம்பிச்சுடுவாங்க. இந்த உழவுத் தடம் அகழிக்கு முன்னாடி வந்து நின்னுடுதா, இல்ல அகழி அதை வெட்டிக்கிட்டு போகுதானு பாருங்க. வெட்டிக்கிட்டு போச்சுன்னா உழுத நிலத்துல பின்னாடி வந்து வெட்டின அகழி, எது முந்தினதுனு தோண்டாமலே சொல்லிடலாம்.

ஏமாத்துற விஷயங்களும் இருக்கு. நாலு மூலையும் வட்டமா வளைஞ்சு, சீட்டுக்கட்டு வடிவத்துல பெருசா இருந்தா ரோமன் கோட்டையா இருக்கலாம். ஒழுங்கில்லாத ஒத்தைக் குழி, வண்டி இறங்க ஒரு பக்கம் சரிவு, அது வயலுக்கு மண்ணெடுத்த குழி. 18, 19ம் நூற்றாண்டுல பெரிய வீட்டுத் தோட்டத்துக்கு அழகுக்குனு வெட்டின அகழியும் உண்டு, நிஜத்தை விட அது கச்சிதமா இருக்கும், அதுவே சந்தேகத்துக்குக் காரணம்.

செய்யக்கூடாதது

1979ம் வருஷத்துச் சட்டம் இதைப் பாதுகாக்குது. சின்னத்தைச் சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. தோண்டக் கூடாது, ஆணி, முளைக்குச்சி அடிக்காம இருக்கிறது நல்லது, கரை மேல சைக்கிள் ஓட்டக் கூடாது, தீ மூட்டக் கூடாது. மெட்டல் டிடெக்டர் பத்தி தனியா சொல்றேன், நில உரிமையாளர் "எடுத்துக்கோப்பா"னு சிரிச்சுக்கிட்டே அனுமதி கொடுத்தாலும் பாதுகாக்கப்பட்ட பரப்புக்குள்ள ஹிஸ்டாரிக் இங்கிலாந்து லைசென்ஸ் இல்லாம அதை ஆன் பண்றதே குற்றம். தரைய ஸ்கேன் பண்ற மத்த கருவிகளுக்கும் அதே கதைதான். உரிமையாளரே கூட தன் நிலத்துல வேலி கம்பம் புதுசா நடணும்னா அனுமதி வாங்கணும்னு நிலைமை இருக்கும்போது நாம எங்க.

எலி வளை, முயல் வளை வாசல்ல பானை ஓடு கிடக்கும், கை துறுதுறுங்கும். போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு காசு வச்சு எடுங்க அளவு தெரியும், பானை ஓடு அங்கயே கிடக்கட்டும். தண்ணில முதுகுல கொண்டையோட பல்லி மாதிரி இருக்கிற கிரேட் கிரெஸ்டட் நியூட் இருந்தா அதுவும் பாதுகாக்கப்பட்ட உயிர்தான், குச்சி விட்டுக் கலக்காதீங்க.

வீட்டுக்கு வந்து

அன்னைக்கே ஒரு படம் வரைஞ்சுடுங்க, அடுத்த நாள்னா மறந்துடும். அளவு காலடி எண்ணிக்கைல போதும். சரிவைக் காட்ட தொல்லியல்காரங்க ஒரு குறி போடுவாங்க, தவளைக்குஞ்சு மாதிரி, தலை மேட்டுல, வால் கீழ சரிவு போற பக்கம், சரிவு செங்குத்தா இருந்தா குறிகளை நெருக்கிப் போடணும். தண்ணி வந்த வழிக்கும் போன வழிக்கும் அம்பு போடுங்க. லிடார் படத்தோட வச்சுப் பாத்து எங்க ஒத்துப் போகலைனு பாருங்க, அந்த இடத்துக்குத்தான் அடுத்த தடவை போகணும்.

ஆளுங்க யாருன்னு தெரிஞ்சுக்க ஆசைன்னா விக்டோரியா கவுன்டி ஹிஸ்டரிங்கிற மாவட்ட வரலாற்றுத் தொகுதிகள்ல உங்க ஊர்ப் பகுதிய தேடுங்க, அதுல நிறைய தொகுதி "பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன்"ங்கிற வெப்சைட்ல இலவசமா இருக்கு, 1086ல ராஜா எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்குல இருந்து மேனர் யார் கைல இருந்து யார் கைக்கு மாறுச்சுனு வரிசையா கொடுத்திருப்பாங்க. மேனர்காரர் செத்ததும் ராஜா ஆளுங்க வந்து சொத்து மதிப்பு போட்ட விசாரணை அறிக்கைகள்ல சில சமயம் வீடு, புறாக்கூடு, தோட்டம், மீன் குளம்னு ஒவ்வொண்ணா விலையோட இருக்கும். 1348, 49 கொள்ளைநோய்க்கு அப்புறம் எத்தனையோ மனைகள்ல பேரு நின்னு போறதையும் அங்க பாக்கலாம்.

கரை சரிஞ்சிருந்தா, முயல் குடைஞ்சிருந்தா, புதுசா யாரோ குழி தோண்டின தடம் இருந்தா, பட்டியல் எண்ணும் மேப்ல இடத்தைக் காட்டுற கிரிட் நம்பரும் போட்டோவும் சேர்த்து ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு மெயில் போடுங்க. ராத்திரி திருட்டுத்தனமா டிடெக்டர் வச்சுத் தோண்டறதை நேர்ல பாத்தா நீங்க கிட்ட போகாதீங்க, போலீஸுக்குச் சொல்லுங்க, அதுக்கு 101, அந்த நேரமே நடந்துட்டு இருந்தா 999. பட்டியல்லயே இல்லாத ஒரு அகழிய லிடார்ல கண்டுபிடிச்சுட்டீங்கன்னு வச்சுக்கோங்க, அது நிஜமாவே நடக்கிற விஷயம்தான், மாவட்ட கவுன்சில்ல வரலாற்றுச் சூழல் பதிவேடுனு ஒரு ஆபீஸ் இருக்கும், அவங்களுக்கு அனுப்பினா பாத்துட்டு பதிவுல சேர்ப்பாங்க. ஆள் கம்மி, பதில் வர நாளாகும், ஒரு மாசம் கழிச்சு மரியாதையா ஒரு ஞாபக மெயில் போடுறதுல தப்பில்ல.